ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஏலகிரி ஏற்றத் தயார் செய்வது எப்படி?

சென்னை வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கையில் இருக்கிறது, ஓடுகிறது. பழைய கார் நண்பர்கள் சேர்ந்து சனி, ஞாயிறு ஏலகிரி போகலாம் என்கிறார்கள். ஊருக்குள் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த வண்டியை சென்னையிலிருந்து 230 கி.மீ. நெடுஞ்சாலையிலும் 14 கொண்டை ஊசி வளைவிலும் நம்பி ஓட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. மூன்று வார இறுதிகள் ஒதுக்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.

ஜாக்கி போடவும் டயர் மாற்றவும் ஆயில் மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்ஜினுக்கு 20டபிள்யூ 50 மினரல் ஆயில், கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 தர 90 ஆயில். ஜி.எல். 5 என்று எழுதியதை கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள், கியர் கடிக்காமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது. அவ்வளவுதான், அடுத்ததற்குப் போவோம்.

முதல் வாரம்: ட்ரன்னியன்

இந்தக் காரில் ஆளைக் கவிழ்க்கக்கூடிய முதல் இடம் இதுதான். அதனால் இங்கே நிதானமாக நிற்போம்.

பானெட்டைத் திறந்தால் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமும் சாய்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டு, அதாவது வெர்ட்டிகல் லிங்க், கீழே ஒரு வெண்கலக் கட்டிக்குள் மரையாக இறங்கியிருக்கும். அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. காரின் முன் பாரம் முழுக்க அந்த மரையில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். நம் ஊர் பட்டறைகளில் கிரீஸ் அடிக்கும் முனையை, அதாவது நிப்பிளைப் பார்த்தால் கை தானாக கிரீஸ் கன்னுக்குப் போகும். ஆனால் கிரீஸ் மரையின் இடுக்குக்குள் இறங்காது. நாளடைவில் மெழுகுபோல் இறுகி ஆயில் போகும் துளையையும் அடைத்துவிடும். மேலே சீல் தேய்ந்திருந்தால் மழைநீர் இறங்கித் தங்கும். எஃகு மரை துரு பிடிக்கும், துருக்குழியில் கீறல் விழும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் அந்த மரைக்கு அதிக வேலை.

செய்முறை இது:

1. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். சக்கரம் தொங்க வேண்டும், பாரம் ஏறியிருந்தால் ஆயில் உள்ளே போக வழி இருக்காது.

2. ட்ரன்னியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டுங்கள். ஏற்கெனவே நிப்பிள் இருந்தால் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பியால் தோண்டிப் பாருங்கள். கறுப்பு மெழுகாக வந்தால் கிரீஸ். உடனே ஆறாவது படிக்குப் போங்கள்.

3. கன்னில் இ.பி. 90 ஊற்றி அடியுங்கள். நெம்புகோல் வைத்த பெரிய கிரீஸ் கன் இதற்கு உதவாது, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் ஒழுகிக் கையெல்லாம் நனையும். அமுக்கி அடிக்கும் சின்ன கன் வாங்கி, ஆயிலுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. நாலு அடி அடித்ததும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். மறுபடி அடியுங்கள். மேலே சீல் ஓரத்தில் புது ஆயில் கசிந்தால் போதும்.

5. நிப்பிளை எடுத்துவிட்டு பிளக்கை மறுபடி போடுங்கள். நிப்பிள் இருந்தால் அடுத்த பட்டறைக்காரர் கிரீஸ் அடித்துவிடுவார்.

6. கிரீஸ் இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கைக்கு (விஷ்போன்) ஜாக்கி கொடுத்து, ட்ரன்னியனைக் குறுக்கே பிடிக்கும் போல்ட்டை எடுத்தால், அதைக் கையாலேயே திருகி இறக்கலாம். இடது வலது இரண்டுக்கும் மரையின் திசை வேறு வேறு. கழற்றியவுடன் கம்பியில் சீட்டுக் கட்டிவிடுங்கள், கலந்தால் மாட்டவே முடியாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துளையைக் கம்பிவிட்டுத் திறந்து, எஃகு மரையை வெயிலில் பாருங்கள். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குத் துருக்குழி இருந்தால் அந்தத் தண்டை ஒதுக்குங்கள். சந்தேகமாக இருந்தால், சிவப்புச் சாயம் பூசிக் கீறல் பார்க்கும் லேத் பட்டறையில் காட்டுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. திரும்ப மாட்டும்போது புது சீல் போட்டு, ட்ரன்னியனை அடிவரை திருகி, பிறகு தளர்த்திக்கொண்டே வந்து போல்ட் துளை நேராகும் முதல் நிலையில் நிறுத்துங்கள். அடிமுட்ட இறுக்கி அப்படியே மாட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பாது, மரையும் முட்டிக்கொண்டு நிற்கும்.

போல்ட் வரவில்லையா? அது ட்ரன்னியனுக்குள் இருக்கும் எஃகுக் குழலோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். இது எல்லா ஹெரால்டிலும் நடக்கும். துரு இளக்கும் ஆயிலை இரண்டு நாள் விட்டு விட்டு அடித்து, பிறகு போல்ட்டை முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசையுங்கள். சுத்தியலால் மரை முனையில் அடிக்காதீர்கள். அசையவே இல்லையென்றால் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிட்டு புஷ், போல்ட் எல்லாம் புதிதாகப் போடுவதே நல்லது.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, வளைவு முடிந்த பிறகு தானாக நேருக்கு வர மறுக்கிறது என்றால் ட்ரன்னியன் காய்ந்திருக்கிறது என்று பொருள். இனி 3,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஓட்டாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில்.

இரண்டாம் வாரம்: பிரேக்

ஹெரால்டில் பிரேக் ஆயில் பாதை ஒன்றே ஒன்று. இன்றைய கார்களைப்போல இரண்டாகப் பிரித்து வைக்கவில்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய் பெடல் தரையைத் தொடும். அதனால் நான்கு ரப்பர் ஹோஸையும் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் நான்கையுமே மாற்றுங்கள். பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுத்திருக்கும். மலை இறங்கும்போது டிரம் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கும். டாட் 4 புது டப்பா திறந்து முழுக்க மாற்றுங்கள். ஏர் எடுப்பது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

பிரேக் ஷூவை டிரம்முக்கு நெருக்கும் அட்ஜஸ்டரை சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, தடையில்லாமல் சுழலும்வரை மட்டும் தளர்த்துங்கள். முன்சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டயர் நன்றாகத் தெரிகிறது என்பது கணக்கில்லை. பக்கச்சுவரில் அச்சடித்த கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் மலைக்கு வேண்டாம். காற்று முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்துக்கு 3, 4 பவுண்டு கூடுதலாக இருக்கட்டும். காரணம் கீழே வருகிறது.

மூன்றாம் வாரம்: சூடும் தீப்பொறியும்

ரேடியேட்டரை மட்டும் கழுவினால் பாதி வேலைதான். என்ஜின் பிளாக்கில் உள்ள வடிகால் குழாயைத் திறங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் கம்பி விட்டுக் குத்துங்கள். பல ஆண்டு உப்புத் தண்ணீர் ஊற்றியதால் பின் சிலிண்டர்களைச் சுற்றி சேறாகப் படிந்திருக்கும். ஏற்றத்தில் கொதிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், ரேடியேட்டர் பாவம் பழி சுமக்கிறது. சுத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். பெல்ட்டை நடுவில் அமுக்கினால் 15 முதல் 20 மி.மீ. இறங்க வேண்டும்.

டப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.010 அங்குலம் வையுங்கள். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. இந்த என்ஜினின் சிலிண்டர் ஹெட் ஈயத்தை நம்பிச் செய்த வார்ப்பிரும்பு. வால்வு உட்காரும் இடம் (வால்வு சீட்) தேய்ந்து உள்வாங்க ஆரம்பித்தால் டப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஒரு பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் தெரிந்துவிடும்.

டெல்கோவில், அதாவது தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், ஸ்பார்க் பிளக் 0.025. எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றால், பாயிண்டே இருக்கட்டும் என்பேன். பாயிண்ட் கெடும்போது தடுமாறிக் காட்டிவிட்டுக் கெடும், ரோட்டோரத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வீடு வந்து சேரலாம்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதில் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டிக்கியில்: பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், காயில், ஃபேன் பெல்ட், மேல்-கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளிப்புகள், ஐந்து லிட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், கட்டுக்கம்பி, இழுக்கும் கயிறு, இரண்டு மரக்கட்டை. 2 கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் மட்டும் டிக்கியில் வேண்டாம், டிரைவர் சீட்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில்.

சாலையில்

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் வேலூர் தாண்டலாம். வேகம் 60, 65. கூட்டத்தில் மெதுவான கார்தான் முதலில் போக வேண்டும், கருவிப்பெட்டி வைத்திருப்பவர் கடைசியில். ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். அவர் மறைந்தால் ஓரம் கட்டுங்கள். வாணியம்பாடியில் திருப்பத்தூர் சாலைக்குத் திரும்பும் இடத்தில் பின்னவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள். பத்து கார் என்றால் ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் லாரிக்காரர்கள் முந்த இடமிருக்காது.

80 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக். டீ அதற்கப்புறம்.

அடிவாரத்தில் இருக்கும் பொன்னேரியில் மலை தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் பானெட்டைத் திறந்து ஆறவிடுங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 வளைவுகள். முதல் கியரில் சின்க்ரோ கிடையாது, வளைவுக்குள் நுழைந்த பிறகு முதல் கியரைத் தேடினால் பல் கடிக்கும். இரண்டாவதிலேயே வேகம் குறையாமல் நுழைய, முன்காருக்கும் உங்களுக்கும் நான்கு கார் நீளம் விடுங்கள். அவர் நின்றால் நீங்கள் நிற்க வேண்டியிருக்காது.

இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று கேட்டதன் காரணம் இங்கேதான். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மேல் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் பின்சக்கரங்கள் ஊசலாடுகின்றன. வளைவுக்குள் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை அழுத்தினாலோ பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் அடியில் மடிந்து கார் சுழலும். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே. வளைவுக்குள் ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: "செல்போன் சார்ஜர் மாட்டியதும் புகை வந்தது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய ஹெரால்டுகளில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பிளஸ் முனை. முனையைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தனி பவர் பேங்க் எடுத்துப் போவது அதைவிடச் சுலபம்.

பின்சேர்க்கை 2: ஐட்லிங்கில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கேட்டவர்களுக்கு. இது டைனமோ, ஆல்டர்னேட்டர் அல்ல. மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைந்தால் கவலையில்லை. அணையாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி. அதில் புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வார இறுதிகளில் குடும்பத்தோடு சுற்ற நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருங்கள்.