கோடு தொடரும் ரோபோ: சென்சார் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோபோ கறுப்புக் கோட்டை விட்டு ஓடினால், மாணவர்கள் முதலில் கோடிங்கைத் திருத்துவார்கள். பிறகு சென்சார் பலகையிலுள்ள நீலத் திருகைத் திருகுவார்கள். அந்தத் திருகு டிஓ பின்னுக்கு (DO, கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்லும் இணைப்பு முனை) மட்டும்தான். ஏஓ பின்னில் (AO, அளவை எண்ணாகத் தரும் முனை) வரும் எண்ணை அது மாற்றாது. முதலில் கணினியில் சீரியல் மானிட்டரை (பலகை அனுப்பும் எண்களைக் காட்டும் சாளரம்) திறந்து எண்ணைப் பாருங்கள்.

அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கும் டிசிஆர்டி5000 சென்சாரை ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையில் மாட்டினால் அளவு 0 முதல் 1023 வரை. வெள்ளைத் தரையில் எண் இறங்கும், கறுப்பில் ஏறும்.

எந்தத் தரையிலும் எண் 1000க்கு மேலேயே நின்றால், பெரும்பாலும் அகச்சிவப்பு எல்இடி எரியவில்லை. கைப்பேசியின் முன் கேமராவில் பாருங்கள். எரிந்தால் ஊதா நிறத்தில் தெரியும். பின் கேமராவை நம்ப வேண்டாம், பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. நீங்களே சோல்டர் செய்த சென்சாரில் ரெசிஸ்டர்கள் இடம் மாறியிருக்கலாம். நீலக் குமிழ் எல்இடிக்கு 220 ஓம், கறுப்புக் குமிழ் வாங்கிக்கு 10 கிலோ ஓம். மாற்றிப் போட்டால் எல்இடி மங்கிவிடும், எண்ணும் இறங்காது. ரெசிஸ்டரே இல்லாமல் 5 வோல்ட் கொடுத்தால் எல்இடி கருகும். அது தாங்குவது 60 மில்லியாம்பியர்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கருகியதற்கு மாற்று வேண்டுமானால் ஈப்போவுக்குப் போக வேண்டும், அல்லது ஷோப்பி இணையக் கடையின் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள்.

எண் 0 பக்கமே ஒட்டிக்கொண்டால், சிக்னல் வயர் (ஏஓ வயர்) ஜிஎன்டியில் (GND, மின்சாரம் திரும்பும் பொது முனை) உரசுகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில்லாத பள்ளி மண்டபத்தில் மாலை வெயில் தரையில் விழுந்தாலும் இப்படித்தான் ஆகும், வயர்மேல் குற்றமில்லை. ரோபோவை நிழலுக்குத் தூக்கிப் போனதும் எண் ஏறினால் வெயில்தான். சென்சாரைத் தரைக்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து, சுற்றிலும் மறைப்பு கட்டுங்கள்.

வயரில் விரல் வைத்தாலே எண் அலைபாய்கிறதா? ஏஓ வயர் எங்கோ விட்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, வயரை ஆட்டி ஆட்டிச் சோதியுங்கள். ஜம்பர் வயரின் தளர்ந்த முனையை ஒட்டுத்தாளால் கட்டுவது வீண்வேலை, தூக்கிப் போடுங்கள்.

நிற்கும்போது சரியாக இருக்கும் எண், மோட்டார் ஓடும்போது துள்ளுவதுதான் அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு. மோட்டாரின் மின்னோட்டம் சென்சாரின் ஜிஎன்டி வயர் வழியாகத் திரும்பினால் அளவு நிலைகுலையும். சென்சார் ஜிஎன்டியை நேராக ஊனோவுக்கும், மோட்டார் டிரைவர் ஜிஎன்டியைப் பேட்டரிக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய், இரண்டையும் ஒரே இடத்தில் இணையுங்கள். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சோல்டர் செய்யுங்கள். பிறகு மோட்டார் ஓடும்போதே சென்சாரின் விசிசியை (VCC, மின்சாரம் உள்ளே வரும் முனை) அளந்து பாருங்கள். 5 வோல்ட்டிலிருந்து சரிந்தால் பேட்டரிதான் காரணம். சதுர 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்கு ஈடுகொடுக்காது.

ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி32 (ESP32) கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாறுபவர்கள் சென்சாருக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் கறுப்புக் கோட்டின் மேல் ஏஓ கிட்டத்தட்ட 5 வோல்ட்டைத் தொடும். அந்தப் பலகையின் பின்கள் அதற்கானவை அல்ல.