பழைய தண்டவாளத்தை மறுபடி போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மெயின் லைனில் 52 கிலோ தண்டவாளத்தை (மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கு) எடுத்துவிட்டு 60 கிலோ போடும்போது, கழற்றியதெல்லாம் காயலான் கடைக்குப் போவதில்லை. தேறுவது லூப் லைனுக்கும் (நிலையத்தில் வண்டி ஒதுங்கி நிற்கும் பாதை) யார்டுக்கும் சைடிங்குக்கும் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதை) போகும். நல்ல வழக்கம்தான். ஆனால் "அங்கே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில்தானே போகும்" என்று அசட்டையாக இருப்பதுதான் முதல் தப்பு. வேகம் குறையும், சரி, அச்சு எடை குறையுமா? மெயின் லைனில் ஓடிய அதே சரக்கு வண்டிதானே லூப்பிலும் வந்து நிற்கிறது.

அடுத்தது, மேல்பக்கம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறுவது. அல்ட்ராசோனிக் சோதனை (ஒலி அலையால் உள்விரிசலைத் தேடுவது) கட்டாயம் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கருவி தண்டவாளத்தின் தலையில் உட்கார்ந்து நேர் கீழே பார்க்கிறது, அடிப்பாகத்தின் இரண்டு ஓரங்களும் அதன் கண்ணில் படுவதே இல்லை. துரு தின்பதோ அங்கேதான், அதிலும் லைனர் (அடிப்பாகத்தின் ஓரத்துக்கும் பிடிக்கும் கிளிப்புக்கும் நடுவில் வைக்கும் துண்டு) அழுத்தி உட்காரும் இடத்தில். கடலோரப் பாதை என்றால் சொல்லவே வேண்டாம். பயோ டாய்லெட் வருவதற்கு முன்பு ரயில் பெட்டிக் கழிவறையிலிருந்து வழிந்ததும் சேர்ந்துதான் அரித்தது. கழற்றிய கையோடு புரட்டிப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

முனைகளை வெட்டாமல் போடுவதும் வம்புதான். இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் பட்டையான ஃபிஷ்பிளேட்டின் போல்ட்டுக்காக முனையில் போட்ட துளையைச் சுற்றித்தான் விரிசல் கிளம்பும். வளைவில் உள்விளிம்பு தேய்ந்துபோனதைப் பக்கம் மாற்றிப் போடலாம், தேயாத விளிம்பு சக்கரத்துக்குக் கிடைக்கும். ஆனால் தேய்மானம் ஒத்துப்போகாததைச் சேர்த்துப் போட்டால் இணைப்புக்கு இணைப்பு ஒரு படி இருக்கும், சக்கரம் அதில் அடித்துக்கொண்டே போகும்.

அப்புறம் 60-உம் 52-உம் சந்திக்கும் இடம். உயரம் 172 மி.மீ., 156 மி.மீ.; 16 மி.மீ. வித்தியாசத்தைச் சாதாரண ஃபிஷ்பிளேட் போட்டு ஒப்பேற்ற முடியாது. அதற்கென்றே செய்த இணைப்புத் தண்டவாளம் வேண்டும், அதையும் பாயின்ட்டை (வண்டி பாதை மாறும் இடம்) ஒட்டிக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

60 கிலோவுக்கான கான்கிரீட் ஸ்லீப்பரில் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) 52 கிலோவை உட்கார வைக்கிறீர்களா? அடி அகலம் 150-க்குப் பதில் 136 மி.மீ.தான், லைனரும் அதற்கேற்ற அகல லைனராக இருக்க வேண்டும். கையில் கிடைத்ததைச் செருகினால் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) நிற்காது.