வீட்டிலிருந்தே ஓட்டு: 12டி படிவம் போடுவது எப்படி?

"2021-ல வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குனாங்க. இப்ப அப்பத்தாவுக்கு 84 ஆகுது, கிடையாதுங்கிறாங்களே?" பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்னும் தீராத சந்தேகம் இது. விதி மாறிவிட்டது, அவ்வளவுதான். வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட 2019 அக்டோபரில் 80 வயது என்று வைத்தார்கள்; 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கிவிட்டார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு வயது வரம்பு இல்லை. சான்றிதழ் நகல் வேண்டும்.

முதலில் பெரியவரிடம் கேளுங்கள். வீட்டு ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் 12டி படிவம் ஏற்கப்பட்டால் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் வாக்குச்சாவடிக்குப் போனாலும் ஓட்டுப் போட விடமாட்டார்கள். புதுச்சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றால்தான் ஓட்டு என்று நினைக்கிற அப்பத்தாவை வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து பட்டியலைப் பாருங்கள். பாகம் எண், வரிசை எண், அடையாள அட்டை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதும் பட்டியலில் உள்ளதுதான் கணக்கு. நம் கடற்கரையில் பழைய ஆட்களுக்குக் குத்துமதிப்பாக எழுதிய வயதுதான் பாதி. தப்பாக இருந்தால் தேர்தல் வரும்வரை காத்திராமல் படிவம் 8 கொடுத்துத் திருத்துங்கள்.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 5 நாளுக்குள் 12டி போய்ச் சேரவேண்டும். 2024-ல் ஓட்டு ஏப்ரல் 19. அறிவிக்கை மார்ச் 20. கெடு மார்ச் 25-லேயே முடிந்தது. பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீடு தேடி வந்து படிவம் தருவார், நிரப்பியதை அவரே வாங்கிக்கொள்வார். வராவிட்டால் நீங்களே போன் போடுங்கள். படிவத்தில் செல்போன் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், ஓட்டு வாங்கக் குழு வரும் நாள் அதில்தான் வரும்.

குழுவில் இரண்டு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் இருப்பார்கள். வேட்பாளர்களின் ஆட்களும் வரலாம். ஆனால் ஓட்டுப் போடுவதை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. ஓட்டுச்சீட்டில் பேனாவால் குறி மட்டும். கையெழுத்துப் போட்டால் செல்லாது. சீட்டை உள் உறையில் வைத்து ஒட்டவேண்டும். அந்த உறையையும் 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்து வெளி உறையில் போடவேண்டும். உறுதிமொழி உள் உறைக்குள் போய்விட்டால் எண்ணும்போது கழித்துவிடுவார்கள். கண் தெரியாதவர், கை நடுங்குபவர் என்றால் வீட்டில் ஒருவர் உதவலாம். முதல் முறை வரும்போது வாக்காளர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி.

கடலில் இருக்கும் மீனவருக்கு இந்த வசதி இல்லை. 2024-ல் ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றதால் பிரச்சினை பெரிதாகவில்லை. கீழக்கரை, தொண்டியிலிருந்து வளைகுடா போனவர்களுக்கும் தபால் ஓட்டு கிடையாது. 6ஏ படிவத்தில் பெயர் சேர்த்து, அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போடவேண்டும்.