கீழே ‘குப்’, மேலே ‘கப்’: பிரிட்டிஷ் பீரியட் டிராமாவைக் காதால் பார்ப்பது எப்படி

மலேசியாவில், பாகானில் இருக்கும் அம்மா வீட்டில் முதல்முறை டவுன்டன் ஆபி தொடரைப் போட்டேன், மாளிகையின் மேல்மாடியில் எஜமானர் குடும்பமும் கீழே வேலைக்காரர்களுமாக ஓடும் பழைய காலத்துக் கதை. பத்தே நிமிஷம். “என்னடா இது, எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறாங்க” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அம்மா ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், முப்பது வருஷம் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர், அதனால் மொழி தெரியாதது காரணமில்லை. ஒரே வீட்டுக்குள் ஐந்தாறு விதமான ஆங்கிலம் கேட்டதுதான் அவரைக் குழப்பியது.

ஆனால் இதே அம்மா காலையில் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு தமிழ் பேசுவார், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சம்பந்தி போன் செய்தால் அவர் “சுகமா இருக்கிறியளோ” என்று ஆரம்பித்ததுமே இவர் தமிழும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், மீன்காரரிடம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு கலந்த மலாய், வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து வேறொரு ஆங்கிலம். இப்படி நாள் முழுக்கக் குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறவருக்கு அக்சென்ட், அதாவது ஊருக்கு ஊர் மாறும் உச்சரிப்பு, பிடிபடாது என்றால் நான் நம்பமாட்டேன். பழகின காதுதான், எதைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும். அம்மாவுக்கு நான் சொன்ன வழியையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மலாய் வசன வரிகளை நிறுத்துங்கள். மலாயில் அர்த்தம் கிடைத்ததும் காது வேலையை விட்டுவிடும், கண் மட்டும் ஓடும். ஆங்கில வசன வரிகளை வைத்துக்கொண்டு ஒரு காட்சியைப் பாருங்கள், ஐந்து நிமிஷக் காட்சி போதும், அப்புறம் அதையும் எடுத்துவிட்டு அதே காட்சியை மறுபடி கேளுங்கள். டிவி ஸ்பீக்கரை விட இயர்போன் நல்லது. மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து இதைச் செய்யப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இதுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது, ஏனென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டல் அக்சென்டை மறைத்துவிடும், யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். தமிழில் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்து, காதில் விழுந்ததை அப்படியே போடலாம். டவுன்டன் கதை நடப்பது யார்க்‌ஷரில், இங்கிலாந்தின் வடக்கே. மேல்மாடிக் குடும்பம் பேசுவது ஆர்பி எனப்படும் மேல்தட்டு உச்சரிப்பு, அதற்கு ஊர் கிடையாது, பள்ளிக்கூடமும் பரம்பரையும்தான் ஊர். கீழே சமையலறையில் பலர் பேசுவது வடக்கத்திப் பேச்சு. மேலே ‘கப்’ என்றால் கீழே ‘குப்’. மேலே ‘லவ்’, கீழே ‘லுவ்’. குளியலுக்கு மேலே ‘பாத்’ என்று நெடிலில் இழுப்பார்கள், கீழே ‘பத்’ என்று குறிலில் வெட்டுவார்கள். இந்த இரண்டு அடையாளம் போதும், வடக்கா தெற்கா என்று பாதி நேரம் சொல்லிவிடலாம்.

மூன்றாவது அடையாளம் ‘ர்’. கார், ஃபார்ம், ஹார்ட் இந்தச் சொற்களில் நாம் ‘ர்’ எழுதுகிறோம், ஆனால் ஆர்பி பேசுகிறவர் அதைச் சொல்லவே மாட்டார், ‘கா’, ‘ஃபாம்’, ‘ஹாட்’ என்றுதான் விழும். அயர்லாந்துக்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் அமெரிக்கர்களில் பெரும்பாலானவர்களும் அந்த ‘ர்’ஐ விடமாட்டார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் பழைய பேச்சிலும் ‘ர்’ நன்றாகச் சுருளும். 2015இல் தொடங்கிய போல்டார்க் அங்கே நடக்கும் கதை, அதில் சுரங்கத் தொழிலாளியின் மகளான டெமெல்சாவின் பேச்சைக் கேட்டால் தெரியும். கதாநாயகனாக வரும் ஏய்டன் டர்னரோ டப்ளின்காரர், சொந்தப் பேச்சில் ‘ர்’ உள்ளவர், ஆனால் படித்த நிலவுடைமைக்காரன் வேஷம் என்பதால் அதை விழுங்கிவிட்டுப் பேச வேண்டும். ஒரே காட்சியில் அந்தப் பெண் ‘ர்’ஐச் சேர்த்துக்கொள்கிறாள், அந்த ஆள் விட்டுவிடுகிறான். இரண்டுமே உழைப்பு.

லண்டன் கிழக்குப் பேச்சு தனி ரகம். 2012இலிருந்து வரும் கால் த மிட்வைஃப் தொடரில் பாப்ளர் பகுதித் தாய்மார்கள் பேசுவதைக் கேளுங்கள்: ‘ஹவுஸ்’ போய் ‘அவுஸ்’ ஆகும், சொல் நடுவில் வரும் ‘ட்’ இருக்க வேண்டிய இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும்.

சரி, இனி நடிகர்களுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு காட்சி பார்த்து முடித்த கையோடு அந்த நடிகரின் பேட்டி ஒன்றை இரண்டு நிமிஷம் தேடிப் பாருங்கள். சீமாட்டி மேரியாக வரும் மிஷெல் டாக்கரி எசெக்ஸில் வளர்ந்தவர், அவர் சொந்தக் குரல் அந்த மாளிகைக் குரல் இல்லை. அதே தொடரின் முதல் பருவத்தில் க்வென் என்ற வேலைக்காரப் பெண்ணாக யார்க்‌ஷர் பேச்சுப் பேசும் ரோஸ் லெஸ்லியோ நிஜத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையிலேயே வளர்ந்தவர். தலைமைப் பணியாளர் கார்சனாக நடித்த ஜிம் கார்ட்டர் யார்க்‌ஷரின் ஹாரோகேட்டில் பிறந்தவர், ஆனால் கார்சன் பேசுவது எஜமானர்களைவிடப் பளபளப்பான ஆங்கிலம். அந்த வேலைக்கு அந்தக் குரல் வேண்டும். எங்கள் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை செய்தவர், அங்கே இருந்த சமையல்காரர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு மாதிரியும் பங்களா வாசற்படி ஏறியதும் வேறு மாதிரியும் பேசுவார் என்று நடித்தே காட்டுவார். அதனால் கார்சனை நான் முதல் பாகத்திலேயே புரிந்துகொண்டேன்.

அமெரிக்கர்களையும் விடாதீர்கள். 1995இல் பிபிசி எடுத்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் தொடரின் எலிசபெத், ஜெனிஃபர் ஈலி, பிறந்தது வட கரோலினாவில். அம்மா ஆங்கிலேய நடிகை, அப்பா அமெரிக்க எழுத்தாளர். ஜில்லியன் ஆண்டர்சன் இன்னும் சுவாரஸ்யம்: சிகாகோவில் பிறந்து, சின்ன வயதில் லண்டனில் இருந்து, அப்புறம் மிச்சிகனில் வளர்ந்தவர். அமெரிக்க நிகழ்ச்சி என்றால் அமெரிக்கக் குரல், லண்டன் நிகழ்ச்சி என்றால் லண்டன் குரல் என்று பேட்டியிலேயே மாறிவிடுவார். சிலர் இதைப் பாசாங்கு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை, இரண்டு ஊரில் வளர்ந்தவருக்கு இரண்டுமே சொந்தக் குரல்தான், சிங்கப்பூர் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரும் என் தம்பியைக் கேட்டாலே தெரியும். 2005இல் வந்த பிளீக் ஹவுஸ் தொடரில் அவர் சீமாட்டி டெட்லாக், 2020இல் எலிசபெத் ராணியின் கதையான த கிரௌன் நான்காம் பருவத்தில் பிரதமர் மார்கரெட் தாட்சர். தாட்சரே பயிற்சி எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டவர், ஆக அங்கே மாறின குரல் ஒன்று இன்னொரு மாறின குரலைப் பிடிக்கிறது.

அக்சென்ட் எங்கே வழுக்கும் என்று தேட ஆசையிருந்தால் கோபக் காட்சிகளையும், நீளமான வசனங்களையும், ‘ர்’இல் முடியும் சொற்களையும் பாருங்கள். மெதுவான காட்சியில் எல்லோருமே நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் உண்மையில் இப்படிப் பேசினார்களா என்று அளக்கப் போகாதீர்கள். ஆர்பி நாம் கேட்கும் வடிவத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், அதற்கு முந்தைய கதைகளுக்கு அது பின்னால் வந்த குரலைப் போட்ட மாதிரி. நம் காலத்துக்குள்ளேயே அது மாறியிருக்கிறது: எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950களிலிருந்து 1980கள் வரை அளந்து பார்த்து, ராணியின் உயிரொலிகளே மக்கள் பேச்சின் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று ஜோனதன் ஹாரிங்டன் குழுவினர் 2000இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். த கிரௌன் முதல் பருவத்தில் இளம் ராணியாக வரும் கிளேர் ஃபாய் பேசும்போது that, hat போன்ற சொற்கள் ‘தெட்’, ‘ஹெட்’ என்று ஒடுங்கி வருவதைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னால் வயதான ராணியாக வரும் ஒலிவியா கோல்மன் பேசுவதோடு ஒப்பிடுங்கள்.

நம் காதுக்கென்றே இரண்டு இருக்கின்றன. ஒன்று 2022இல் வந்த பிரிட்ஜர்டன் இரண்டாம் பருவம். ஷர்மா சகோதரிகளாக வரும் சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அக்காவான கேட் தன் தந்தையை “அப்பா” என்று சொல்லும் இடத்தில் நான் நிறுத்தி, பின்னால் போட்டு, மூன்று தடவை கேட்டேன். அதே வீட்டில் அக்காவுக்கு ‘தீதி’, தங்கைக்கு வங்காள ‘போன்’ என்று மொழிகள் கலந்து கிடப்பது எனக்கு உறுத்தல்தான், ஒரு வீட்டு உறவுச் சொற்களை இப்படி மூன்று மாநிலத்திலிருந்து பொறுக்கியிருக்க வேண்டாம். ஆனாலும் அந்த ஒரு சொல் ஒலித்த விதம் சரியாக இருந்தது.

இன்னொன்று 2015இல் வந்த இந்தியன் சம்மர்ஸ். கதை 1932இல் சிம்லாவில், படம் பிடித்தது நம் பினாங்கில்! வெள்ளைக்காரர்களின் கிளப்பாக வருவது கொடிமலையில் இருக்கும் பழைய கிராக் ஹோட்டல். அதில் ஆஃப்ரின் என்ற அரசாங்க எழுத்தராக வரும் நிகேஷ் பட்டேல் லண்டன்காரர். வீட்டில் பெற்றோரிடம் பேசும்போதும், ஆபீஸில் வெள்ளைக்கார மேலதிகாரி முன்னால் நிற்கும்போதும் அவர் குரல் எப்படி இருக்கிறது என்று நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். தோட்டத்துக் கிராணிகளை, அதாவது ஆபீஸ் எழுத்தர்களை, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வாய்விட்டுப் பழகுங்கள். ஒரு வரியை ஓடவிட்டு, அரை நொடி பின்னாலேயே நீங்களும் சொல்லிக்கொண்டு வாருங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். வாய் சொல்லிப் பார்த்த ஒலியைக் காது அப்புறம் தவறவிடாது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இதைச் செய்கிறார். போன ஞாயிறு டவுன்டனில் ஒரு வேலைக்காரப் பெண் மாடிப்படி ஏறி எஜமானியிடம் பேசின காட்சியில், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மேல போனதும் மாத்திட்டா பாரு” என்றார். நான் கவனிக்கவில்லை, பின்னால் போட்டுக் கேட்டேன். கீழே ‘குப்’ என்ற பெண் மேலே போய்க் கொஞ்சம் ‘கப்’ பக்கம் வந்திருந்தாள்.