ஜம்பைக் கண்டதும் பறக்கும் இளங்குதிரையை நிதானத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

ஜம்ப் (தாண்டுவதற்கு வைக்கும் தடை) கண்ணில் பட்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு கடைசி நாலு ஸ்டிரைடை (பாய்ச்சல் எட்டை) பிய்த்துக்கொண்டு ஓடுகிற குதிரையைப் பார்த்து, "இதுக்கு ஜம்பிங்னா அவ்வளவு ஆசை" என்பார்கள். பெரும்பாலும் அது ஆசை இல்லை, பதற்றம். நாலைந்து வயதுக் குதிரைக்கு முதுகில் ஆளை வைத்துக்கொண்டு உடம்பைச் சமன் பண்ணவே முழுசாக வராது, அதை வேகத்தை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. இதற்குக் கடுமையான பிட் (லகானோடு சேர்த்து வாயில் மாட்டும் கடிவாளத் துண்டு) மாட்டுவது மிக மோசமான வைத்தியம். ஜம்ப் என்றாலே வாய் வலிக்கும் என்று பழகிவிட்டால் இன்னும் வேகமாகத்தான் ஓடும்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். முதுகைச் சட்டென்று கீழே இறக்கினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ ஜம்பிங்கை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பல், சேணம், பின்னங்கால் மூட்டு, வயிற்றுப்புண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நம் ரைடிங் ஸ்கூல்களில் நிறைய குதிரைகள் ரேஸ் கோர்ஸிலிருந்து வந்த தரோபிரெட்கள், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம். லகானை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடித்தான் அவற்றுக்குப் பழக்கம். நீங்கள் இழுக்க இழுக்க, ஓடச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளும்.

சரி, வேலையைத் தரையிலிருந்து தொடங்குவோம். ஒரே ஒரு போலை (நீளமான மரக்கழியை) தரையில் போட்டு, குதிரைக்கு அலுத்துப்போகிற வரை நடையிலும் டிராட்டிலும் (மெல்லோட்டத்திலும்) தாண்ட வையுங்கள். இரண்டு போட்டால் அகலமான ஜம்ப் என்று நினைத்து ஒரே தாவாகத் தாவிவிடும், அதனால் அடுத்து நேராக மூன்று அல்லது நாலு. இடைவெளி 4 முதல் 4½ அடி. தாண்டிய பிறகு இறங்கி மண்ணைப் பாருங்கள்: குளம்புத் தடம் இரண்டு போலுக்கு நடுவில் விழுந்திருந்தால் இடைவெளி சரி, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் உங்கள் குதிரைக்கு ஏற்றபடி நகர்த்துங்கள்.

இது அமைதியாக வந்தபின் சின்ன கிராஸ் போல் (இரண்டு கழியை X மாதிரி குறுக்காக வைத்த ஜம்ப்), நடுவில் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் 8–9 அடியில் தரையில் ஒரு போல். டிராட்டிலேயே வாருங்கள். கடைசி நேரத்தில் பாய நினைக்கிற குதிரை அந்தப் போலைக் குனிந்து பார்த்துக் காலை எடுத்து வைத்தாக வேண்டும், நீங்கள் கையால் எதுவும் செய்யத் தேவையில்லை. ஜம்புக்கு அந்தப் பக்கமும் 9–10 அடியில் ஒன்று போட்டால் இறங்கியதும் ஓடுவது குறையும்.

வரும்போதே சூடேறிவிட்டதா? ஜம்புக்கு முன்னால் பெரிய வட்டம் போடுங்கள், டிராட் ஒரே தாளத்துக்கு வருகிற வரை சுற்றுங்கள், சில தடவை தாண்டாமல் பக்கத்திலேயே கடந்து போங்கள். ஆனால் திருப்புவதாக இருந்தால் ஐந்தாறு ஸ்டிரைடுக்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். கடைசி நொடியில் இழுத்துத் திருப்பினால் குதிரை கற்றுக்கொள்வது ஜம்பிலிருந்து ஒதுங்கி ஓடத்தான்.

மேலே இருப்பவர் பதறினால் இதெல்லாம் வீண். பயத்தில் முன்கூட்டியே முன்னால் சாய்வதும், குதிரையின் விலாவிலிருந்து காலை முழுசாக எடுத்துவிடுவதும்தான் நிறைய பேர் செய்வது. கால் மெதுவாக ஒட்டியே இருக்கட்டும், வாய்விட்டு ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று எண்ணுங்கள், தாவும்போது பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டால் வாயை இழுக்க மாட்டீர்கள். இறங்கியதும் நேர்கோட்டில் போய், மூலைக்கு முன்பே குரல் கொடுத்து நடைக்குக் கொண்டுவந்து கழுத்தைத் தடவிக்கொடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், ஜம்பிங் மட்டும் 20 நிமிடம் போதும். ஒரு தடவை அமைதியாகத் தாண்டினால் அன்றைக்கு அதோடு முடித்துவிடுங்கள், "இன்னும் ஒரே ஒரு தடவை" வேண்டவே வேண்டாம், களைத்த குதிரைதான் அதிகம் ஓடும். புது மைதானத்துக்குப் போனால் பழைய வேகம் திரும்பி வரும், அது சகஜம், மறுபடி தரையில் கிடக்கும் போலுக்கே போங்கள். லகானைத் தளர்த்திவிட்ட பிறகும் அதே டிராட்டில் வந்து தாண்டுகிறதா? அப்போது போலைத் தாங்கும் ஸ்டாண்டில் ஒரே ஒரு ஓட்டை அளவுக்கு மட்டும் ஜம்பை உயர்த்துங்கள்.