சிறு குழுவின் வலைச்செயலியில் அழகுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது

இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள குழு ஒரு வலைச்செயலியை உருவாக்கும்போது, அலங்காரம் ஒன்றைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைவிட, அதைப் பின்னாளில் பராமரிக்க எவ்வளவு நேரம் போகும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும்.

தட்டினால் விரியும் தேர்வுப் பட்டியலான டிராப்டவுனையே எடுத்துக்கொள்ளலாம். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் தரும் ‘செலக்ட்’ உறுப்பைப் பயன்படுத்தினால், அம்புக்குறி விசைகளால் நகர்வது, முதல் எழுத்தைத் தட்டியதும் அதில் தொடங்கும் பெயருக்குத் தாவுவது, பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் சரியாகப் படிப்பது, கைபேசியில் அதற்கே உரிய தேர்வுப் பெட்டி திறப்பது எல்லாம் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட எழுதாமல் கிடைத்துவிடுகின்றன. வளைந்த முனைகளும் நிழலும் வேண்டும் என்று அதை நாமே வரைந்தால், இவை அத்தனையையும் நாமே எழுதியாக வேண்டும். நான் ஒருமுறை அப்படி எழுதினேன். திரையின் அடிப்பகுதியில் பட்டியல் திறந்தால் கடைசிப் பெயர்கள் மறைந்துபோயின. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் போராடிவிட்டு, மொத்தத்தையும் நீக்கி செலக்டுக்கே திரும்பினேன். மாற்றத்தைப் பயனர் ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை.

பாப்-அப் பெட்டிக்கும் இதே வழிதான்: முக்கியமான உலாவிகள் அனைத்திலும் 2022 முதல் எச்டிஎம்எல்லின் ‘டயலாக்’ உறுப்பு இயங்குகிறது.

தோற்றத்தைப் பற்றிய முடிவுகளை ஒரே நாளில் எடுத்து மூடிவிடுங்கள். பயனரின் கருவியிலேயே உள்ள எழுத்துரு, பொத்தான்களுக்கு ஒரே நிறம், 8 பிக்சலின் மடங்குகளில் இடைவெளி ஆகியவை போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு மாறுபாடு மட்டும் 4.5:1 என்ற அளவுக்குக் கீழே குறையக் கூடாது. வெளிர்சாம்பல் எழுத்தை அழகு என்று நினைப்பவர்கள் அதை வெயிலில் நின்று படித்துப் பார்க்கட்டும்.

இப்படி மிச்சமாகும் நேரத்தைப் பிழை நேரும் இடங்களில் செலவிடுங்கள். பயனர் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி அனுப்புகிறார். முடிவுத் தேதி தவறு. “பிழை ஏற்பட்டது” என்று சொல்லிப் படிவத்தைக் காலியாகத் திருப்பித் தந்தால், மற்ற பக்கங்கள் எவ்வளவு மினுங்கினாலும் அவர் திரும்ப வருவது சந்தேகமே. அவர் எழுதியவை அப்படியே இருக்க, அந்தக் கட்டத்தின் அருகிலேயே “முடிவுத் தேதி, தொடக்கத் தேதிக்கு முன்னதாக உள்ளது” என்று காட்டுங்கள். தரவு எதுவும் இல்லாத முதல் நாளில் பக்கம் எப்படித் தெரியும் என்பதையும் பாருங்கள். வெற்று அட்டவணைக்குப் பதில், முதல் பதிவைச் சேர்க்கும் பொத்தான் இருந்தாலே போதும். பக்கம் திறக்கத் தாமதமானால், சுழலும் குறியை மெருகேற்றுவதற்கு முன் தரவுத்தளத்தில் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் விடுபட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்.

எளிமை என்பது அலட்சியம் அன்று. எண்கள் வலப்பக்கம் சீராக நிற்க வேண்டும். ஒரே செயலுக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல் வர வேண்டும்.

வெளியிடுவதற்கு முந்தைய நாள் மவுசைக் கழற்றிவிட்டு, டேப், என்டர், அம்புக்குறி என விசைப்பலகையை மட்டும் கொண்டே செயலியின் முதன்மையான வேலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை செய்து பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ, அந்த இடத்திலிருந்து அடுத்த வார வேலைப் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.