சதையி அழற்சி ஆய்வில் எதை அளப்பது?

சதையி (கணையம்) சுரக்கும் நொதியான அமிலேஸ் இரத்தத்தில் இறங்கியதை உங்கள் ஆய்வின் முதன்மை விளைவாக, அதாவது சிகிச்சை பலித்ததா என்று தீர்மானிக்கும் பிரதான அளவாக, எழுதாதீர்கள். அது நோயைக் கண்டறிய உதவும், கடுமையைச் சொல்லாது. எண் இறங்கிய பிறகும் நோயாளி மோசமாகலாம். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்து இந்நோயோடு கிளிநொச்சி விடுதிக்கு வருபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பிழைப்பேனா, எப்போது வயலில் இறங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நம் அளவுகோல் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இறப்பை மட்டும் வைத்தால், மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் சேர்க்கக்கூடிய எண்ணிக்கையில் எந்த வேறுபாடும் தெரியாது. லேசான நோயில் இறப்பு அரிது. அதனால் இறப்பையும் பெருஞ்சிக்கல்களையும் சேர்த்து ஒரே விளைவாக்குவார்கள். 2010இல் வெளியான ஒல்லாந்து ஆய்வில் 88 பேர். படிப்படியான சிகிச்சை (முதலில் குழாயால் வடித்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை) பெற்றவர்களில் 40 வீதமும், திறந்த அறுவை செய்யப்பட்டவர்களில் 69 வீதமும் அந்தக் கூட்டு விளைவை அடைந்தார்கள். இறப்பு மட்டும் எனில் முறையே 19, 16 வீதம், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே கூட்டினாலும் ஒவ்வொன்றையும் தனியே எழுதுங்கள். 2008இல் வெளியான புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) ஆய்வின் முதன்மை விளைவு தொற்று. அது இரு குழுவிலும் ஏறத்தாழச் சமம்; ஆனால் மருந்து பெற்றவர்களில் 16 வீதமும், பெறாதவர்களில் 6 வீதமும் இறந்தார்கள். இறப்பைத் தனியே எண்ணியதால்தான் அந்தக் கேடு வெளிப்பட்டது.

உறுப்புச் செயலிழப்பு 48 மணிநேரத்துக்கு மேல் நீடித்தால் கடும் நோய் என்கிறது 2012இன் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு. சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், இரத்த ஓட்டத்துக்கு இரத்த அழுத்தம், இரண்டையும் அளப்பது எளிது. மூச்சுக்கு இரத்த வாயுப் பரிசோதனை வேண்டும்; முல்லைத்தீவில் இரவு இரண்டு மணிக்கு அது முடியுமா என்று ஆய்வுகூடத்தில் முன்பே கேளுங்கள். சேரும்போதே உறுப்புச் செயலிழந்தவர்களைக் குறித்துவையுங்கள்: ஏற்கெனவே வந்துவிட்டதை எந்த மருந்தும் தடுக்காது.

தங்கிய நாட்களை நான் நம்புவதில்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயிருந்து வந்தவர் பஸ் இல்லாததால் கூட ஒரு நாள் படுத்திருப்பார். காலபோக அறுவடை வந்தால் இன்னொருவர் வலியோடே துண்டு வெட்டச் சொல்லி (வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டு) போய்விடுவார். இதெல்லாம் மருந்தின் வேலை அல்லவே! சாப்பாடு தங்குகிறது, காய்ச்சல் இல்லை, மாத்திரையில் வலி அடங்குகிறது: இவை மூன்றும் நிறைவேறிய நேரத்தைக் குறியுங்கள்.

நோயாளியின் வாய்மொழிக்கு பான்-ப்ரொமிஸ் அளவுகோல் இருக்கிறது. வலி, வயிறு ஊதல், வாந்தி, தாகம், களைப்பு உட்பட ஏழு அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. தமிழில் கேட்கும் வடிவத்தை விவசாயிகள் சிலரிடம் படித்துக்காட்டிச் சரிபாருங்கள்.

நாட்பட்ட நோய்க்கு இஸ்பிக்கி வலி மதிப்பெண் பொருந்தும். வலி எத்தனை தடவை வருகிறது, அதன் கடுமை, வலிமாத்திரை, வேலை செய்யமுடியாத காலம் நான்கும் அதில் உண்டு. நாட்கூலிக்காரரிடம் லீவுத் துண்டு இராது. கூலி இழந்த நாட்களைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்படுபவர்கள்தான் பெரும்பாலும் கடும் நோயாளிகள். அவர்களைத் தொலைத்தால் முடிவே பொய்யாகும். உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சம்மதத்தோடு வாங்கி, யார், எந்த நாளில் அழைப்பது என்பதையும் முடிவுசெய்யுங்கள். முதல் நோயாளியைச் சேர்க்குமுன் முதன்மை விளைவு ஒன்றையும் அதை அளக்கும் நாளையும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.